முல்லரும் மோக்ஷமூலரும்

ஜெர்மனி தேசத்தில் அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் முல்லர் என்பது. அதற்கு மாவு அரைக்கும் ஆலைக்காரன் என்பதே பொருள். அதில் ரிஷி கோத்திரமும் இல்லை. முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற புளுகும் இல்லை.

அங்கே மட்டும் இழிவு இருந்ததில்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆலைக்காரன் மாவு திருடுவான் என்று சொல்லி, பல ஊர்களில் அவன் பிள்ளைகளைக் கைத்தொழிற் சங்கங்களில் சேர்க்க மறுத்தார்கள். நெசவாளி, நாவிதன் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். கூடாதென்று 1548-இல் பேரரசின் சட்டம் சொல்லியும் கேட்பாரில்லாமல், 1731-இல் மறுபடியும் கட்டளையிட வேண்டி வந்தது. மனிதன் கட்டிய இழிவை மனிதனே ஒழித்தான். இன்று அந்தப் பெயரைக் கேட்டு அங்கே யாரும் ஒதுங்கி நிற்பதில்லை.

பலனைப் பாருங்கள். 1801-இல் கோப்லென்ஸ் நகரில் செருப்புத் தைப்பவர் மகனாகப் பிறந்த யோஹான்னஸ் முல்லர், பெர்லினில் உடலியல் பேராசிரியரானார். ஹெல்ம்ஹோல்ட்சும் விர்ஷோவும் அவரிடம் படித்தவர்கள். கதிரியக்கத்தை அளக்கும் கருவியை 1928-இல் கெய்கருடன் சேர்ந்து செய்தவர் வால்ட்டர் முல்லர். அதே ஆண்டு முதல் 1930 வரை அந்நாட்டுப் பிரதம மந்திரியாய் இருந்தவர் ஹெர்மன் முல்லர். உன் குலத்தொழில் மாவு அரைப்பது, அங்கே போ என்று இவர்களை எவனாவது விரட்டினானா?

நமக்கு நன்கு தெரிந்தவர் மாக்ஸ் முல்லர். ஒரு தையற்காரரின் பேரன். சூத்திரன் வேதத்தைக் கேட்டால் அவன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்று என்கிறது கௌதம தர்மசூத்திரம். அந்த ரிக் வேதத்தைத்தான் இந்த முல்லர் 1849 முதல் 1874 வரை ஆறு பாகங்களாக அச்சிட்டு வெளியிட்டார். பணம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது அந்த ஈயம் எங்கே போயிற்று? வடமொழி முகப்பில் ஆலைக்காரன் என்ற பெயர் "மோக்ஷமூலர்" என்றாயிற்று! மிலேச்சன் மோட்சத்துக்கே மூலமாகலாம். இந்நாட்டில் துணி வெளுப்பவன் மகன் கர்ப்பக்கிரகத்துக்குள் கால் வைக்கக் கூடாதென்று வாதாட மட்டும் இன்றைக்கும் ஆள் இருக்கிறது. இதற்குப் பெயர் தர்மமா என்று கேட்கிறோம்.

ஜெர்மானியர் பிறப்பால் உயர்ந்தவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்ன ஹிட்லர் கூட்டம் 1945-க்குள் அறுபது லட்சம் யூதரைக் கொன்றது. பிறப்பில் உயர்வு தாழ்வு பேசுகிறவன் எந்த நாட்டானாயினும் அவன் போய்ச் சேரும் இடம் அதுதான்.

1889-இல் முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் ஒரு படம் போட்டுக் காட்டினார். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் உள்நோக்கிய வால். மற்றதின் முனைகளில் வெளிநோக்கிய வால். உடனே ஒன்று குட்டையாகவும் மற்றது நெட்டையாகவும் தோன்றும்! அளந்து பார்த்த பிறகும் கண் ஏமாந்துகொண்டேதான் இருக்கும்.

தோழர்களே! 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெயரிலுள்ள ஜாதி வாலை அறுக்கத் தீர்மானித்தோம். இன்று பெயரில் வால் இல்லை. கல்யாண விளம்பரத்தில் இருக்கிறது, சுடுகாட்டில் இருக்கிறது, மலக்குழியில் இறக்கப்படுகிறவன் யார் என்பதில் இருக்கிறது. கண் ஏமாற்றும், அறிவு என்னும் அளவுகோலை எடுங்கள். இரண்டு கோடும் ஒன்றே.