கல்லை உடைத்தால் மட்டும் போதாது

கோடை தொடங்கினால் சிறுநீரகக் கல்லுக்காக மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கையும் ஏறத் தொடங்கும். முதுகின் பக்கவாட்டில் கிளம்பி அடிவயிறு வரை இறங்கும் அந்த வலி, ஆளை உட்காரவும் விடாது, படுக்கவும் விடாது. அதைத் தீர்க்கும் வழிகள் இன்று எளிதாகியிருப்பது பெரிய ஆறுதல். விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்துக் கல்லை எடுத்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையை 1976-இல் ஸ்வீடன் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்திக் கல்லை நொறுக்கினார்கள். இப்போது சிறுநீர்ப் பாதை வழியாகவே வளையும் நுண்குழாயைச் செலுத்தி, லேசரால் கல்லைப் பொடியாக்குகிறார்கள். தழும்பில்லை, பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே ஏழைகளுக்கும் கல் நீக்கும் சிகிச்சை கிடைப்பது பாராட்டுக்குரியது.

ஆனால், கல் போனாலும் கல்லை உருவாக்கிய காரணம் உடலில் அப்படியே இருக்கிறது. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது. கல்லை உடைக்கப் பணம் தரும் அரசு, அது மீண்டும் வராமல் தடுப்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும், எடுத்த கல்லின் துகள்களைச் சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுக்கிறார்கள். அது வீட்டு அலமாரியில் கிடந்து, ஒருநாள் குப்பைக்குப் போகிறது. அது போயிருக்க வேண்டிய இடம் ஆய்வகம். கால்சியம் ஆக்சலேட் கல்லுக்கு ஒரு காரணம், யூரிக் அமிலக் கல்லுக்கு வேறு காரணம், கிருமித்தொற்றால் உருவாகும் கல்லுக்கு இன்னொன்று. யூரிக் அமிலக் கல்லைப் பலருக்கு மருந்தாலேயே கரைத்துவிடலாம். கல்லின் வகை தெரியாமல் சொல்லும் அறிவுரை, இருட்டில் எறியும் கல்தான்.

“நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் போதாது. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரிய வேண்டும் என்பதே கணக்கு. வெயிலில் வியர்த்து உழைப்பவர் அதற்கு மூன்று லிட்டருக்கும் மேல் குடிக்க வேண்டியிருக்கும். (நீரைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இது பொருந்தாது.) முதல்முறை கல் வந்தவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த இத்தாலிய ஆய்வு 1996-இல் வெளியானது. அதிக நீர் அருந்தியவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், மற்றவர்களில் 27 பேருக்கும் மீண்டும் கல் வந்திருந்தது. பாலை நிறுத்தினால் கல் வராது என்ற நம்பிக்கையும் தவறு. உணவில் கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் கூடுதலாக உடலில் சேரும். குறைக்க வேண்டியவை உப்பும் அளவு மீறிய இறைச்சியும்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எலுமிச்சைச் சாறு நல்லது, உப்புப் போடாமல் குடித்தால்.

இரண்டு எச்சரிக்கைகளும் அவசியம். கல்லை உடைத்த பின் சிறுநீர்க் குழாயில் தற்காலிகமாக ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை வைப்பதுண்டு. வலி நின்றதும் அதை மறந்து, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதன்மேலேயே கல் படிந்து சிறுநீரகமே பழுதாகும் ஆபத்து உண்டு. அடுத்தது, தேவையில்லாத சிகிச்சை. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறிவிடும். காய்ச்சலும் அடைப்பும் இல்லாத நோயாளியை ‘கத்தியின்றி ஒரே நாளில்’ என்ற விளம்பரத்தால் அவசரப்படுத்துவது மருத்துவ அறமாகாது.

அறிவுரை எவ்வளவு சரியாக இருந்தாலும், கடைப்பிடிக்க வழி வேண்டும். ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண் பையில் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறார். ஆனால், தொண்டை நனையும் அளவுக்கு ஒரு மிடறு குடித்துவிட்டு மூடிவைக்கிறார். கழிப்பறை மூன்று மாடி தள்ளி இருக்கிறது. போய்வந்தால் கண்காணிப்பாளர் கேள்வி கேட்பார். தூத்துக்குடி உப்பளத்திலும் சாலைப் பணியிலும் நிற்கும் பெண்களுக்குப் பல இடங்களில் கழிப்பறையே இல்லை. தாகத்தை அடக்குவது இவர்களுக்கு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. தொழிலாளர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் தந்தது தமிழ்நாடு. வெப்ப அலையை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்ததும் தமிழ்நாடு அரசுதான். அந்த வரிசையில், பணியிடத்தில் தண்ணீரும் கழிப்பறையும் பெறும் உரிமையும் நடைமுறைக்கு வர வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை நான்கு. காப்பீட்டில் செய்யும் ஒவ்வொரு கல் சிகிச்சையுடனும் கல் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, அதற்கான செலவையும் ஏற்க வேண்டும். மீண்டும் மீண்டும் கல் வருபவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் கிடைக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்களின் பதிவேடு ஒன்றைப் பராமரித்து, எடுக்க வேண்டிய நாளில் மருத்துவமனையே அவர்களை அழைக்க வேண்டும். பணியிடங்களில் தண்ணீர் இடைவேளையும், எட்டும் தூரத்தில் கழிப்பறையும் இருக்கின்றனவா என்று தொழிலாளர் துறை நேரில் சோதித்து, மீறுவோருக்கு அபராதம் விதிக்க வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப லேசர் சிகிச்சை செய்யும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். அடுத்த கோடைக்கு முன்பே சுகாதாரத் துறையும் தொழிலாளர் துறையும் சேர்ந்து உட்கார்ந்து இதற்கான ஆணைகளைப் பிறப்பிக்க வேண்டும்.