பிடிக்கவில்லையா, தப்பா?



வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. சமையலறை ஜன்னலோரம், மற்ற பாத்திரங்களோடு சேராமல், கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர். காலேஜ் படிக்கும் பேத்தி ஒருநாள் கேட்கிறாள்: “பாட்டி, இது தப்பில்லையா?” பாட்டியிடமிருந்து உடனே பதில் வருகிறது: “உனக்குப் பிடிக்கல, அவ்வளவுதான். எனக்கு இதுதான் சரி.”

பெரும்பாலும் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. ஆளுக்கொரு அபிப்பிராயம், இதில் சரி என்ன, தப்பு என்ன?

பாட்டி சொன்னதையே ஒரு தத்துவமாக எழுதியவர் இங்கிலாந்தின் ஏ.ஜே. ஏயர். ‘லாங்குவேஜ், ட்ரூத் அண்ட் லாஜிக்’ என்ற அவருடைய புத்தகம் 1936-ல் வந்தபோது அவருக்கு வயது 25. வியன்னாவுக்குப் போய், அங்கிருந்த சிந்தனையாளர் வட்டத்தோடு பழகித் திரும்பியிருந்தார். சோதித்துப் பார்க்க வழியில்லாத பேச்சுக்குப் பொருளே இல்லை என்பது அவர்கள் கட்சி. தர்க்கத்துக்கும் கணக்குக்கும் மட்டும் விலக்கு.

அப்படியானால் ‘நீ பணத்தைத் திருடியது தப்பு’ என்பது என்ன? ‘நீ பணத்தைத் திருடினாய்’ என்பது மட்டும்தான் அதில் செய்தி என்றார் ஏயர். ‘தப்பு’ என்பது, அதே செய்தியை முகம் சுளித்துச் சொல்வது போலத்தான். அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை.

இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அநியாயத்தைப் பார்த்தால் நமக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. கோபமே வராமல் ‘அநியாயம்’ என்கிறவரை நாம் நம்பவும் மாட்டோம். ஆனால் வெறும் கோபம் மட்டும்தானா?

1945-ல் உலகப் போர் முடியும் தறுவாயில், நாஜி வதை முகாம்களின் படங்கள் இங்கிலாந்தில் வெளியாயின. அவற்றைப் பார்த்து ஆடிப்போனவர்களில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிலிப்பா ஃபுட் என்ற இளம்பெண்ணும் ஒருவர். ஏயரின் வழியில் போனால், ‘இது கொடுமை’ என்று நாம் சொல்வதும், ‘இல்லை’ என்று நாஜி சொல்வதும் இரண்டு வெவ்வேறு உணர்ச்சிகள்தான். அதை அவரால் ஏற்க முடியவில்லை. நல்லது கெட்டது என்பதற்கு மனித வாழ்க்கையிலேயே ஆதாரம் இருக்கிறது என்று காட்ட அவர் ஆயுள் முழுக்க உழைத்தார். அதை முழுமையாகச் சொன்ன புத்தகம் 2001-ல், எண்பது வயதைத் தொட்ட பிறகுதான் வந்தது. எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

பீட்டர் கீச் என்ற இன்னொரு தத்துவவாதி, 1960-களில் ஒரு சின்ன உதாரணத்தால் ஏயரின் கொள்கையை மடக்கினார். பூனையைச் சித்திரவதை செய்வது தப்பு என்றால், தம்பியை ஏவிவிட்டு அதைச் செய்ய வைப்பதும் தப்பு.

இதைச் சொல்பவர் யார் மேலும் கோபப்படவில்லை. ‘என்றால்’ என்றுதான் சொல்கிறார். ஆனாலும் இரண்டு இடத்திலும் ‘தப்பு’ என்றால் என்னவென்று நமக்குப் புரிகிறது, ஒன்றிலிருந்து இன்னொன்று வருகிறது என்பதும் புரிகிறது. “நானா செஞ்சேன்? அவன்தானே செஞ்சான்!” என்று தப்பிக்கப் பார்க்கும் அக்காவை எந்த அம்மாவாவது விட்டிருக்கிறாரா? வெறும் முகச்சுளிப்பை வைத்து இப்படிக் கணக்குப் போட முடியாது. உணர்ச்சிதான் என்று சொல்லும் தத்துவவாதிகள் இதற்குப் பதில் தேடி இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சமையலறைக்கே வருவோம். பேத்தி விடாமல் கேட்கிறாள்: “பாட்டி, அக்கா தேய்ச்சு வச்ச தட்டுலதானே நாம சாப்பிடறோம்? அவங்க வாய் வச்ச டம்ளர் மட்டும் ஏன் ஆகாது? நாளைக்கு நான் வேலைக்குப் போற இடத்துல எனக்குத் தனி கப் வச்சா உனக்கு எப்படி இருக்கும்?”

இது ருசியைப் பற்றிய சண்டையா? காபியில் சர்க்கரை கூடவா, குறைவா என்பதற்கு யாரும் இப்படிக் காரணம் கேட்பதில்லை. இங்கே பாட்டி பதில் சொல்லியாக வேண்டும். மனம் மாறினாலும், ‘இப்போது என் விருப்பம் வேறு’ என்று அவர் சொல்ல மாட்டார். ‘இத்தனை நாள் செய்தது சரியில்லை’ என்றுதான் சொல்வார்.

அந்த டம்ளர் தப்புதான். பேத்திக்குப் பிடிக்கவில்லை என்பதால் தப்பு இல்லை. ஒரு மனுஷியைத் தினமும் அவமதிக்கிறது, அதனால் தப்பு.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் “ஏன் தப்பு?” என்று கேட்டால், “எனக்குப் பிடிக்கல, பேசாம இரு” என்று முடித்துவிடாதீர்கள். ஒரு காரணம் சொல்லுங்கள். அவர்கள் எதிர்க்காரணம் சொன்னால் அதையும் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் அப்படி நடந்த பேச்சுகளை எங்களுக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்