கூட்டம் எப்போது, எங்கே? கேட்பது எங்கள் உரிமை



தண்ணீர் பில் கூடுகிறது. கரண்ட் பில் கூடுகிறது. குப்பை வண்டி வருவதாகச் சொன்ன நாளில் வருவதில்லை. சந்தியில் உள்ள தெருவிளக்கு எரியாமல் மாதங்கள் போகின்றன. இவற்றையெல்லாம் யாரோ ஓர் இடத்தில், ஒரு மேசையைச் சுற்றி இருந்து தீர்மானிக்கிறார்கள். அந்த மேசை எங்கே இருக்கிறது, அங்கே நாங்கள் போகலாமா என்பதே இம்மாதம் நாம் பேசப்போகும் விடயம்.

கணவனை இழந்த, அல்லது கணவன் எங்கே என்று தெரியாத பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் இந்த பில்களைக் கட்டுவது பெண்கள்தான். தண்ணீர் வெட்டப்பட்டால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குக் குடத்தோடு போவதும் அவர்கள்தான். ஆனால் கட்டணம் பற்றிப் பேசும் கூட்டத்தில் அவர்களைக் காண்பது அரிது. கூட்டத்துக்கு வர விருப்பமில்லாததல்ல காரணம். கூட்டம் நடப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு தண்ணீர்ச் சங்கத்தின் கதை

எமது மாவட்டத்தின் உட்பகுதிக் கிராமங்கள் பலவற்றில் கிராம மக்களின் சங்கங்களே குழாய் நீர்த் திட்டங்களை நடத்துகின்றன. நாடு முழுவதும் இத்தகைய சமூக அமைப்புகள் உள்ளன. இவற்றுக்கு உதவுவதற்காக 2014 இல் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களமும் உருவாக்கப்பட்டது. மாதாந்தக் கட்டணம், மோட்டார் திருத்தம், புதிய இணைப்பு எல்லாவற்றையும் சங்கத்தின் பொதுக் கூட்டமும் நிர்வாகக் குழுவும் தீர்மானிக்கின்றன.

சாய்ந்தமருதிலிருந்து வேலைக்காக நான் போய்வந்த அப்படியொரு கிராமத்தில் மாதக் கட்டணம் திடீரெனக் கூடியது. "கூட்டத்தில் கேட்டிருக்கலாமே அக்கா?" என்று ஒரு தாயிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "கடிதம் அவர்ர பேருக்குத்தான் வருது புள்ள. அவர் செத்து எத்தனை வருஷம்! நான் போய் இருந்தா நீ ஆரெண்டு கேப்பாங்க."

அவர் சொன்னது உண்மை. இணைப்பு கணவரின் பெயரில் இருந்தது. அங்கத்துவமும் அவருடைய பெயரில். இறந்தவருக்கு அழைப்பு வந்தது. கட்டணம் கட்டிவந்த மனைவிக்கு வாக்கு இல்லை. அந்தக் கிராமத்தில் இப்படி இன்னும் பல பெண்கள் இருந்தார்கள். கூட்டம் இரவு ஏழரை மணிக்கு. அறிவித்தல் ஒட்டப்பட்டது ஆண்கள் தேநீர் குடிக்கும் கடையின் சுவரில். கதவை யாரும் பூட்டவில்லை. ஆனாலும் பெண்களுக்கு அது பூட்டிய கதவுதான்.

அந்தப் பெண்கள் மாதர் சங்கத்தில் கூடிப் பேசி ஒரு கடிதம் எழுதினார்கள். கூட்டத்தைப் பகல் நேரத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு முன்பே, பேசப்போகும் விடயங்களோடு அறிவியுங்கள். அறிவித்தலை முன்பள்ளியிலும் ஒட்டுங்கள். கணக்கை வாசித்துக் காட்டுங்கள். பில் கட்டுபவரின் பெயருக்கு அங்கத்துவத்தை மாற்றுங்கள். அவ்வளவுதான். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் அடையாளம் இட்டார்கள்.

அடுத்த கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு முன்பள்ளியில் நடந்தது. கணக்கு வாசிக்கப்பட்டது. மோட்டார் இரண்டு தடவை எரிந்துபோனதும், அதற்குக் கடன் வாங்கியதும் அப்போதுதான் எல்லோருக்கும் தெரியவந்தது. கட்டணம் குறையவில்லை. ஆனால் காரணம் தெரிந்தது. கடன் முடிந்ததும் கட்டணத்தை மீண்டும் பேசுவது என்று கூட்டக் குறிப்பில் எழுதவைத்தார்கள். மரணச் சான்றிதழ் வைத்திருந்தவர்களின் பெயர் மாற்றப்பட்டது.

கணவர் காணாமற்போன பெண்களின் விடயம்தான் இழுபட்டது. மரணச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றார்கள். கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத ஒரு பெண்ணிடம் அப்படிக் கேட்பது எத்தனை பெரிய துன்பம்! 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னர், காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பதிவாளர் திணைக்களத்திடமிருந்து பெறலாம். மரணத்தை ஏற்றுக்கொள்ளாமலே அலுவல்களைப் பார்க்க அது வழிசெய்கிறது. இதை நிர்வாகக் குழுவுக்கு விளக்க இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன.

மின்சாரத்துக்கு ஒரு வழி இருக்கிறது

2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மின்கட்டணத்தை மாற்றுவதற்கான யோசனை வந்தால் அதைப் பகிரங்கப்படுத்தி, பொதுமக்களின் கருத்தை எழுத்திலும் வாய்மொழியிலும் கேட்பது இதன் நடைமுறை.

2024 டிசம்பரில் இலங்கை மின்சார சபை கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்று யோசனை சமர்ப்பித்தது. ஆணைக்குழு மாகாணங்கள் தோறும் அமர்வுகளை நடத்தி மக்களின் கருத்தைக் கேட்டது. 2025 ஜனவரி 17 ஆம் திகதி, கட்டணத்தை மொத்தத்தில் 20 வீதத்தால் குறைக்கும் முடிவை அறிவித்தது. மக்கள் பேசியதால் மட்டுமே குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். கணக்குகளும் ஆராயப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் கட்டணம் 15 வீதத்தால் கூட்டப்பட்டது. ஒக்டோபரில் 6.8 வீதம் கூட்டக் கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது. கூடினாலும் குறைந்தாலும், கணக்கைப் பகிரங்கமாக வைத்துக் காரணம் சொல்லவேண்டியிருந்தது என்பதே இதில் முக்கியம்.

தண்ணீர்க் கட்டணத்தைப் பாருங்கள். 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் அது கூடியபோது வர்த்தமானி அறிவித்தலாகவே எங்களை வந்தடைந்தது. கரண்டுக்குக் கேட்கப்பட்ட கருத்து தண்ணீருக்கும் கேட்கப்பட வேண்டாமா?

மாநகர சபையும் நாமும்

குப்பை, வடிகான், தெருவிளக்கு, சந்தை ஆகியவை சாய்ந்தமருது மக்களுக்குக் கல்முனை மாநகர சபையின் கையில் உள்ளன. முன்னர் கரைவாகு தெற்குக் கிராம சபையாக இருந்த எமது ஊர், 1987 இல் கல்முனையோடு இணைக்கப்பட்டது. தனிச் சபை வேண்டும் என்ற கோரிக்கையும், 2020 பெப்ரவரியில் வந்த வர்த்தமானி சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டதும் எல்லோரும் அறிந்தவை. அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். தனிச் சபையோ சேர்ந்த சபையோ, அதன் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று பெண்களுக்குத் தெரியாவிட்டால் எங்களுக்கு வித்தியாசம் குறைவுதான்.

உள்ளூராட்சி சபைகளின் பொதுக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்க்கலாம். 2018 தேர்தலுக்கு முன்னர் இச்சபைகளில் பெண்கள் 2 வீதத்துக்கும் குறைவாகவே இருந்தார்கள். 25 வீத ஒதுக்கீடு வந்தபின் உள்ளே பெண்கள் இருக்கிறார்கள். பார்வையாளர் இருக்கையிலும் பெண்கள் இருந்தால் அவர்களுக்குத் துணிவு வரும்.

ஆனால் சபையே இல்லாத காலமும் உண்டு. 2023 மார்ச் 19 ஆம் திகதியுடன் நாடு முழுவதும் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பின்னர் அதிகாரிகளே நிர்வகித்தார்கள். 2025 மே 6 ஆம் திகதி ஏனைய இடங்களில் தேர்தல் நடந்தபோது, வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு நடைபெறவில்லை. உறுப்பினர் இல்லையென்றால் பார்க்கக் கூட்டமும் இல்லை. அப்படியான காலத்தில் அடுத்து வரும் சட்டம்தான் எங்களுக்குத் துணை.

தகவல் அறியும் உரிமை

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. மாநகர சபை, பிரதேச செயலகம், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை எல்லாமே இதற்குள் வருகின்றன.

1. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம். தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

2. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

3. விண்ணப்பம் கிடைத்ததற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் திகதி இருக்கட்டும்.

4. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

5. மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதிலும் திருப்தியில்லாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம்.

"ஏன் எங்கள் வீதியைக் கவனிப்பதில்லை?" என்று எழுதாதீர்கள். அதற்கு வரும் பதிலால் பயனில்லை. "கடந்த ஆறு மாதக் கூட்டக் குறிப்புகளின் பிரதி", "எங்கள் வட்டாரத் தெருவிளக்குக்கு இந்த ஆண்டு செலவிட்ட தொகை", "குப்பை வண்டி எங்கள் வீதிக்கு வரவேண்டிய நாட்களின் அட்டவணை" என்று பத்திரமாக இருக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1953 முதல் ஒரு சட்டம் உண்டு. உள்ளூர்ச் சபைகளும் தண்ணீர் வாரியங்களும் திறந்த கூட்டமே நடத்த வேண்டும். வழமையான கூட்டம் என்றால் பேசப்போகும் விடயங்களின் பட்டியலை 72 மணித்தியாலத்துக்கு முன்பே ஒட்ட வேண்டும். பொதுமக்கள் பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும். பிரித்தானியாவில் உள்ளூர்ச் சபைக் கூட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அப்போது புதிதாகப் பாராளுமன்றம் வந்த ஒரு பெண். பின்னாளில் பிரதமரான மார்கரெட் தட்சர்தான் அவர். தமிழ்நாட்டில் 2022 முதல் உலக நீர் தினமான மார்ச் 22 ஆம் திகதியும் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

சிறிய தண்ணீர்ச் சங்கத்தில் அந்தப் பெண்கள் கேட்டதும் இவைதான். முன்னறிவித்தல், விடயப் பட்டியல், பேச ஒரு வாய்ப்பு. சட்டப் புத்தகம் படித்து அவர்கள் கேட்கவில்லை. பட்ட கஷ்டத்திலிருந்து கேட்டார்கள்.

இந்த மாதம் செய்யக்கூடியவை

உங்கள் தண்ணீர், கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்கள். அது யாருடைய பெயரில் இருக்கிறது? மாற்ற வேண்டுமென்றால் என்ன பத்திரங்கள் தேவை என்று கிராம உத்தியோகத்தரிடமும் உரிய அலுவலகத்திலும் கேளுங்கள். சங்கமோ சபையோ அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்று விசாரியுங்கள். தனியே போகத் தயங்கினால் அயலில் உள்ள ராத்தாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு மூன்று பேராகப் போங்கள். முதல் நாள் பேசவேண்டும் என்றில்லை. பின்வரிசையில் இருந்து கேட்டாலே போதும். ஒரு கொப்பியில் திகதியையும் அங்கே சொன்னதையும் எழுதிவையுங்கள். இரண்டாம் கூட்டத்தில் அந்தக் கொப்பியைத் திறந்து, "போன தடவை இப்படிச் சொன்னீர்களே, என்ன ஆனது?" என்று கேட்கலாம்.