பிடித்த மீனைத் திருப்பி விடச் சொன்னவர்

கேள்வி: "மொன்டானாவில் படிக்கும் என் மகள் போனில் பேசும்போது, பட் லில்லி என்ற மீன்பிடி வழிகாட்டி இறந்துவிட்டதாகவும், அங்கே எல்லாரும் அவரைப் பற்றியே வருத்தத்தோடு பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடச் சொன்னவராம். சாப்பிடாத மீனை எதற்குப் பிடிக்க வேண்டும்? அதற்கு ஒரு வழிகாட்டி, அவருக்கு இவ்வளவு துக்கமா?"
- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்.

நியாயமான கேள்விதான், சகோதரி. 2017 ஜனவரியில் தமிழகம் முழுக்க வறட்சி என்று அரசே அறிவித்தது. கருகிய பயிரோடு நிற்கிறவர்களிடம் பொழுதுபோக்கு மீன்பிடிப்பைப் பற்றி எழுதுவதா என்று யோசித்தேன். ஆனால், அவர் கதை ஆற்றுத் தண்ணீரின் கதையும்கூட. அதனால் எழுதுகிறேன்.

பட் லில்லி 2017 ஜனவரி 4-ம் தேதி காலமானார். வயது 91. மொன்டானா மாநிலத்தில் மன்ஹாட்டன் என்ற சிற்றூரில் 1925-ல் பிறந்தவர் (நியூயார்க் மன்ஹாட்டன் வேறு, இது வயலும் மாடுமாக இருக்கும் ஊர்). உலகப்போரின்போது கடற்படையில் இருந்தார். பிறகு பள்ளி ஆசிரியர். 1950-களின் தொடக்கத்தில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற ஊரில் ஒரு தூண்டில் கடையை எடுத்து, சுமார் முப்பது ஆண்டுகள் நடத்தினார். கடையில் தூண்டில் விற்பதோடு, வெளியூர்க்காரர்களை ஆற்றுக்கு அழைத்துப்போய் மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதும் தொழில்.

அங்கே பிடிப்பது டிரவுட் மீன். குளிர்ந்த, ஓடும் நீரில்தான் வாழும். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதே வகைதான். இதற்கு மண்புழு கோப்பதில்லை. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிப் பூச்சிபோலவே செய்கிறார்கள். இதற்கு 'ஃப்ளை' என்று பெயர். ஊதினால் பறக்கும் எடை. கனமான நூலை முன்னும் பின்னும் வீசித்தான் அதை நீரில் இறக்க முடியும். இறங்கிய பூச்சி, நீரோட்டம் போகும் அதே வேகத்தில் மிதக்க வேண்டும். கொஞ்சம் இழுபட்டாலும் மீன் ஏமாறாது.

வழிகாட்டியின் வேலை இங்கேதான். மீன் நீரோட்டத்தை எதிர்த்து நின்று இரைக்குக் காத்திருக்கும். வேகமான நீரில் நின்றால் களைத்துப்போகும். எனவே பாறைக்குப் பின்னால், அல்லது வேக நீரும் மந்த நீரும் உரசும் கோட்டில் நிற்கும். எந்த மாதம், எந்த நேரத்தில், எந்தப் பூச்சி பறக்கும், எந்த மடுவில் மீன் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்மாய்ப் பாசன ஊர்களில் நீர்க்கட்டிக்கு எந்த மடையைத் திறந்தால் எந்த வயல் நனையும் என்று தெரியுமே, அந்த மாதிரி அறிவு.

அந்தக் காலத்தில் நல்ல வழிகாட்டி என்றால், சாயங்காலம் நிறைய மீனோடு திரும்புகிறவர். பட் லில்லி அதை மாற்ற முயன்றார். மீனை விட்டுவிட்டு வரச் சொன்னார். வாடிக்கையாளர் குறைந்துவிடுவார்களே என்று எந்தக் கடைக்காரரும் பயப்படும் பேச்சு அது. விடுவதற்கும் முறை உண்டு. கொக்கியின் எதிர்முள்ளை முன்பே நசுக்கிவிட வேண்டும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை பட்டால் அதன் வழவழப்பு உரிந்து நோய் பற்றும். நீரோட்டத்தைப் பார்த்தவாறு பிடித்துக்கொண்டு, தானாக நீந்தும்வரை காத்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் சில மீன்கள் சாகத்தான் செய்யும், வெதுவெதுப்பான நீரில் இன்னும் அதிகமாக. மீனுக்கு இது விளையாட்டு இல்லை என்ற உங்கள் எண்ணத்தை நான் மறுக்கமாட்டேன்.

இன்னொன்று, மீன் குஞ்சு வாங்கிக் குளத்தில் விடும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது. மீன் குறைந்தால் பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுவது அங்கே வழக்கமாக இருந்தது. மேடிசன் ஆற்றுப் பகுதியில் டிக் வின்சென்ட் என்ற மீன் ஆய்வாளர் இதைச் சோதித்தார். விடுவதை நிறுத்திய இடத்தில் ஆற்றிலேயே பிறந்த மீன்கள் பெருகின. புதிதாக விட்ட ஓடையில் அவை குறைந்தன. 1974-ல், இயற்கையாக டிரவுட் பெருகும் ஆறுகளில் பண்ணை மீன் விடுவதை மொன்டானா நிறுத்தியது. எதிர்ப்பு பலமாக இருந்தது. பட் லில்லி, கடைக்காரராக இருந்தும், ஆற்று மீன் பக்கம் நின்றவர். (மூடிய குளத்துக்கு இது பொருந்தாது; கட்லா, ரோகு விடுவதை நிறுத்திவிடாதீர்கள்.)

தண்ணீர்ப் பிரச்னை அங்கேயும் உண்டு. 2016 ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் ஆற்றில் நீர் குறைந்து சூடேறி, ஒட்டுண்ணி நோய் பரவி ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்தன. சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றை மூடினார்கள். வழிகாட்டிகளுக்குப் பிழைப்பு போனது. பாசனத்துக்கு எடுப்பதால்தான் ஆறு வற்றுகிறது என்று தூண்டில்காரர்கள் சொல்வதும், விவசாயிகள் கோபப்படுவதும் அங்கே பழைய சண்டை. அதற்கு 1989-ல் ஒரு சட்டம் வந்தது. விவசாயி தன் பாசன உரிமையில் ஒரு பகுதியை எடுக்காமல் ஆற்றிலேயே ஓடவிடலாம்; அதற்கு மாநில மீன்வளத் துறை குத்தகைப் பணம் தரும், உரிமை போகாது. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு தண்ணீர் என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில்தான் இது நடக்கும். நம் கடைமடைக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

மகள் பார்த்த துக்கத்துக்கு வருகிறேன். அவர் கூட்டிப்போன ஆட்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ஆறுகளைத் தங்களுடையதாக நினைத்தார்கள். மேடிசனில் 1994-ல் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டு ரெயின்போ டிரவுட் பெருமளவு அழிந்தபோது, வெளியூர்க்காரர்களும் கவலைப்பட்டார்கள். அவருக்கு அழுகிறவர்களில் அவரிடம் முதல் முடிச்சுப் போடக் கற்றவர்கள் பலர் இருப்பார்கள். மகள் படிப்பது போஸ்மன் ஊரில் உள்ள மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், நூலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். டிரவுட், சால்மன் மீன்கள் பற்றிய பெரிய புத்தகச் சேகரிப்பு ஒன்று பட் லில்லியின் பெயரில் அங்கே இருக்கிறது.

அடுத்த இதழில், வறட்சியில் தென்னையைக் காப்பாற்றும் வழி கேட்டிருக்கும் பொள்ளாச்சி வாசகருக்குப் பதில்.