இருட்டில் வரும் கப்பல்

முக்கொம்பிலே காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு போகிறவர்கள் அதை நின்று பார்க்கிறார்கள். ஆர்தர் காட்டன் 1836-ல் தொடங்கி 1838-ல் முடித்த மேலணை இருக்கும் இடம் அது. ஒரு கிளை காவிரி, இன்னொன்று கொள்ளிடம். வெள்ளக் காலத்தில் மிகுதித் தண்ணீரைக் கொள்ளிடத்திலே திருப்பி விடுவார்கள். அது பழையாறு என்ற மீனவர் ஊருக்கு அருகே கடலில் சேருகிறது.

ஆற்றுக்குக் கரை உண்டு. கடலுக்கு ஏது? பழையாற்றிலிருந்து புறப்படும் விசைப்படகுக்கு இரவில் தெரிவதெல்லாம் இருட்டும், தூரத்தில் சில விளக்குகளும்தான். எதிரே வருவது கப்பலா, படகா? எந்தப் பக்கம் போகிறது? விளக்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இது பெரிய வித்தை அல்ல. கப்பலில் நின்று முன்னே பார்ப்பவருக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. உலகம் முழுவதும் இதுதான் விதி. சிவப்பு மட்டும் தெரிந்தால், கப்பல் நமக்கு வலமிருந்து இடமாகப் போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால், இடமிருந்து வலமாகப் போகிறது.

சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிகிறதா? ஆபத்து! கப்பல் நேராக நம்மை நோக்கி வருகிறது.

சரக்கு ஏற்றிய பெரிய கப்பல் நினைத்தவுடன் நிற்காது. எந்திரத்தை நிறுத்திய பிறகும் வெகுதூரம் ஓடும்.

2018 ஆகஸ்டு 7-ந் தேதி அதிகாலை, கேரளத்தின் முனம்பத்திலிருந்து சென்ற ‘ஓஷியானிக்’ என்ற படகு மீது கப்பல் மோதியது. படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் குமரி மாவட்டம் ராமன்துறைக்காரர்கள். கடலுக்குப் போனவர் திரும்பி வருவார் என்று காத்திருந்த வீடுகளில் அழுகுரல் எழுந்தது.

பலர் நினைப்பது என்ன? பளிச்சென்று ஒரு வெள்ளை விளக்கைக் கட்டினால் போதும் என்பது. போதாது. அந்த வெள்ளை வெளிச்சம், ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். சிவப்பையும் பச்சையையும் அது மறைத்தும் விடும். அப்படி மறைக்கும் விளக்கைக் கட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது.

மீனவருக்கென்றே தனி அடையாளமும் உண்டு. இழுவலை போடும் படகு, மேலே பச்சையும் அதன் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். மற்ற வலை என்றால், மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வலை கடலில் கிடக்கும்போது படகு சட்டென்று திரும்ப முடியாது அல்லவா? ஆகவே திறந்த கடலில் இந்த விளக்கைக் கண்டால் எந்திரக் கப்பல்தான் ஒதுங்கிப் போக வேண்டும். எத்தனை பெரிய கப்பலானாலும் சரி! இது மீனவரின் உரிமை. விளக்கு எரியாவிட்டால் அந்த உரிமை இருப்பது யாருக்குத் தெரியும்?

டீசலும் ஐஸும் ஏற்றியாயிற்றா என்று பார்த்துவிட்டே படகை எடுக்கிறார்கள். அதோடு விளக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மீன்பிடித் துறைமுகங்களில் இந்த அடையாளங்களை வண்ணப் படமாக, தமிழில் எழுதி வைக்க வேண்டும். கடற்கரை ஊர்ப் பள்ளிகளிலும் சொல்லித் தரலாம். பிள்ளைகள் ஒரே நாளில் படித்துவிடுவார்கள்; வீட்டில் அப்பாவுக்கும் சொல்வார்கள்.

துடுப்புப் போட்டுப் போகிறவருக்கு இத்தனையும் தேவையில்லை. ஒரு டார்ச் விளக்கு கையோடு இருந்தால் போதும். ஆனால், கப்பல் கிட்டே வந்த பிறகு அதைத் தேடக் கூடாது.