மூட்டைப்பூச்சிக்கு அறை எண் தெரியாது

கோடை தொடங்கியதும் வட இந்திய நகரமொன்றில் நான் தங்கியிருக்கும் ஆய்வு மாணவர் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்படும். இந்த ஆண்டும் ஒட்டப்பட்டது. மாணவர்கள் அறைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்ளாமையால் மூட்டைப்பூச்சி பெருகிவிட்டது. நாளை மருந்து தெளிக்கப்படும். பூட்டியிருக்கும் அறைகளுக்கு நிருவாகம் பொறுப்பாகாது என்பது அதன் சாரம். மூன்றே வாக்கியங்கள். மூன்றிலும் பிழை இருக்கிறது. அந்தப் பிழைகள் எழுத்தளவில் நின்றுவிடாமல் உயிராபத்து வரை செல்லக்கூடியவை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தூய்மை பற்றிய குற்றச்சாட்டு. கரப்பானும் எறும்பும் உணவுத் துணுக்குகளைத் தேடி வருபவை; அவற்றைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் உண்டு. மூட்டைப்பூச்சியின் உணவோ குருதி மட்டுமே. துடைத்து வைத்த அறையில் உறங்குபவரின் குருதியும் குப்பைக்கு நடுவே உறங்குபவரின் குருதியும் அதற்கு ஒன்றுதான். நாம் வெளிவிடும் கரியமில வாயுவும் உடலின் வெம்மையுமே அதனை ஈர்க்கின்றன. பறக்கத் தெரியாத இப்பூச்சி, பெட்டி படுக்கைகளிலும் பழைய மெத்தைகளிலும் தொற்றிக்கொண்டு ஊர் கடக்கிறது. உயர்தர விடுதிகளிலும் அது காணப்படுவதன் காரணம் இதுதான். அறையில் பொருள்கள் நெருக்கமாகக் கிடந்தால் ஒளியும் இடங்கள் கூடும் என்பது உண்மை. ஆனால் ஒளிய இடம் கொடுப்பது வேறு, வரவழைப்பது வேறு.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? மூட்டைப்பூச்சியை ஒழுக்கக் குறைவின் அடையாளமாக அறிவித்துவிட்டால், அது இருப்பதை எவரும் வாய்திறந்து சொல்ல மாட்டார். கடிபட்டவர் ஒவ்வாமை என்பார், கொசு என்பார். முறையீடு தாமதமாகும், அதற்குள் பூச்சி இரண்டு தலைமுறை பெருகிவிடும். யார் கொண்டுவந்தார் என்ற கிசுகிசு வேறு தொடங்கும். அது பெரும்பாலும் எந்த மாநிலத்தவர், எந்தப் பின்னணியினர், யாருடைய மெத்தை மலிவானது என்ற வழியில்தான் போகும். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் ஒரு மாணவர்மீது அந்தப் பார்வை விழும்போது நேரும் காயத்தை எந்தச் சுற்றறிக்கையும் கணக்கில் கொள்வதில்லை.

இனி மருந்து. வீடுகளிலும் விடுதிகளிலும் இன்று தெளிக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. சாமந்திக் குடும்பத்துச் செடியொன்றின் பூவிலிருந்து பெறப்பட்ட பைரித்ரினை ஒத்துச் செயற்கையாக உருவாக்கப்பட்டவை இவை. கொசுவிரட்டித் திரவங்களில் இருப்பவையும் இவ்வினத்தவையே. பூச்சியின் நரம்பணுக்களிலுள்ள சோடியக் கால்வாய்களைத் தாக்கிச் செயல்படுகின்றன. உலகின் பல பகுதிகளில் மூட்டைப்பூச்சிகள் அக்கால்வாயின் அமைப்பிலேயே மாற்றம் பெற்று இம்மருந்துகளைத் தாங்கப் பழகிவிட்டன. சில, நஞ்சைச் சிதைக்கும் நொதிகளை மிகுதியாகச் சுரக்கின்றன. சிலவற்றின் மேல்தோலே தடித்துவிட்டது. இது புதிய கதையும் அன்று. டி.டி.டி. புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1947-இல், ஹவாய்த் தீவின் பேர்ல் ஹார்பரில் அதற்கு மசியாத மூட்டைப்பூச்சிகள் கண்டறியப்பட்டன. ஒரே மருந்தை ஆண்டுதோறும் அரைகுறையாகத் தெளிப்பது, வலுவானவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் பணியைத்தான் செய்கிறது. தேர்வுக்குப் படிக்கும் பரிணாமக் கோட்பாட்டின் செயல்முறை விளக்கம் நம் கட்டிலுக்கடியிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

மருந்து வேலை செய்யும் இடத்திலும் ஒருமுறை தெளித்தால் போதாது. கட்டிலின் இடுக்குகளில் பசைபோல் ஒட்டப்பட்டிருக்கும் முட்டைகளைப் பல மருந்துகள் தொடுவதில்லை. வெப்பமான காலத்தில் ஒன்றிரண்டு வாரங்களில் அவை பொரிந்துவிடும். வெளிவரும் இளம்பூச்சி ஐந்து பருவங்களைக் கடந்தே முதிர்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் தோலுரிக்க ஒருமுறையேனும் குருதி குடித்தாக வேண்டும். ஆகவே முதல் தெளிப்புக்குப் பின், முட்டையிலிருந்து வந்தவை முதிர்ந்து மீண்டும் முட்டையிடுவதற்குள், இரண்டாம் முறை தெளித்தாக வேண்டும். 'நாளை மருந்து தெளிக்கப்படும்' என்பதோடு முடிந்துபோகும் அறிவிப்பு இந்த எளிய கணக்கைப் போடவில்லை. விடுமுறையில் அறைகளைப் பூட்டி வைத்தால் பட்டினியால் மடிந்துவிடும் என்ற நம்பிக்கையும் பயனற்றது. உணவின்றி மாதக்கணக்கில் உயிர்தாங்கும் திறன் அதற்கு உண்டு.

மூன்றாவது வாக்கியம் எல்லாவற்றினும் ஆபத்தானது. நிருவாகம் பொறுப்பாகாது என்றால் வேறு யார் பொறுப்பு? உறக்கமின்றித் தவிக்கும் மாணவர் தாமே பொறுப்பேற்கிறார். கடைத்தெருவுக்குப் போகிறார். அங்கே பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் ஏதோ ஒன்று கிடைக்கிறது. வீடுகளில் நெடுங்காலம் புழங்கிய டைக்குளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் முற்றாகத் தடை செய்யப்பட்டுவிட்டது என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அதனினும் கொடியது தானியக் கிடங்குகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு வில்லை. காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் வாயுவை வெளியிடும். கதவிடுக்கு, காற்றுத்துளை, சுவர்வெடிப்பு வழியே அந்த வாயு அடுத்த அறைக்கும் மேல்தளத்துக்கும் பரவும். அதற்கு முறிமருந்து கிடையாது. வாந்தியும் வயிற்றுவலியும் முதலில் தோன்றுவதால் கெட்டுப்போன உணவின் விளைவென்று கருதிக் காலம் கடத்திவிடுவோரும் உண்டு. சட்டப்படி இவ்வில்லையைப் பொதுமக்களுக்குச் சில்லறையில் விற்கக் கூடாது. ஆயினும் மூட்டைப்பூச்சிக்காக வைத்த இவ்வில்லையால் அடுத்த வீட்டில் உறங்கியவர்கள் இறந்த செய்திகள் வரத்தான் செய்கின்றன. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை நமக்குப் பழமொழி. இங்கே எரிவது பெரும்பாலும் அடுத்தவர் வீடு.

பூச்சிக்கொல்லி பற்றிய நம் சட்டமே ஒரு பேரழிவிலிருந்து பிறந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட உணவுப்பொருளை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் தொடர்ச்சியாகவே 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. வணிக முறையில் பூச்சிக்கட்டுப்பாடு செய்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு கொள்கலத்திலும் நச்சுத்தன்மையின் அளவைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்களால் காட்டும் முத்திரை இருக்க வேண்டும். எங்கள் விடுதியில் தெளிக்க வந்தவரின் கையில் இருந்த வாளியில் எந்த நிறமும் இல்லை. முகக்கவசமும் கையுறையும்கூட அவருக்குத் தரப்படவில்லை. நாள் முழுவதும் அறை அறையாக நஞ்சைச் சுவாசித்துச் செல்லும் அந்தத் தொழிலாளியின் உடல்நலமும் இந்த விவாதத்தின் பகுதியே. நம் கடியும் தினவும் மட்டுமே விவாதம் அன்று.

அப்படியானால் என்ன செய்வது? விடை ஓரளவு பழையதே. கயிற்றுக் கட்டிலை வெயிலில் போட்டு வெந்நீர் ஊற்றிய நம் முன்னோரின் வழக்கத்தில் அறிவியல் இருந்தது. வெப்பத்துக்கு மூட்டைப்பூச்சி எதிர்ப்புத்திறன் பெறுவது மருந்துக்குப் பெறுவதைப் போல எளிதன்று. ஏறத்தாழ 45 பாகை செல்சியசில் வளர்ந்த பூச்சி மடிய ஒன்றரை மணி நேரமும் முட்டை அழியப் பல மணி நேரமும் ஆகும்; 55 பாகையைத் தாண்டினால் இரண்டுக்குமே நீண்ட நேரம் தேவைப்படாது. வெறுமனே மெத்தையை வெயிலில் போட்டால் பூச்சி நிழலுள்ள அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். கருநிற நெகிழித்தாளில் இறுகச் சுற்றி, நண்பகலில் திருப்பித் திருப்பிப் போட வேண்டும். மெத்தையின் நடுப்பகுதி சூடேறாமல் போகக்கூடும் என்பதால் இதை ஒரே நாளோடு நிறுத்தக் கூடாது. துணிகளுக்குக் கொதிநீர், கட்டில் பொருத்துகளுக்கு நீராவி, சுவர்வெடிப்புக்கும் மின்பெட்டி ஓரங்களுக்கும் பூச்சு ஆகியவற்றில் எதுவும் பெருஞ்செலவு வைப்பதன்று. மருந்து தேவைப்படும் இடத்தில், இவற்றுக்குத் துணையாக மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

ஆனால் இவை அனைத்தும் ஒரே அறையில் மட்டும் நடந்தால் பயனில்லை. ஓர் அறையில் கண்டறியப்பட்டால் அதன் இருபுறமும் மேலும் கீழும் உள்ள அறைகளையும் சோதித்தாக வேண்டும். ஏனெனில் பூச்சிக்கு அறை எண் தெரியாது. பொருளியலில் பொது வளத்தைப் பற்றிப் படிக்கிறோம். இது பொதுத் தீங்கு. அவரவர் நலனுக்காக அவரவர் தெளிக்கும் மருந்து பூச்சியை அடுத்த அறைக்குத் துரத்துகிறது. அடுத்தவர் தெளிக்கும்போது அது திரும்பி வருகிறது. இத்தகைய தீங்கைத் தனிமனிதப் பொறுப்பாக மாற்றுவது நிருவாகத்தின் பொறுப்புத் துறப்பே அன்றி வேறில்லை.

நிருவாகத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. குறித்த நாளில் பாதி அறைகள் பூட்டிக்கிடக்கின்றன என்பது உண்மை. ஆனால் தேர்வும் களப்பணியும் இருப்போருக்கு ஒருநாள் முன்னதாக அறிவித்துவிட்டு, எந்த மருந்து என்றும் சொல்லாமல், எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்றும் கூறாமல் கதவைத் திறக்கச் சொன்னால் யார் திறப்பார்? ஆஸ்துமா உள்ளவர் எங்கே போவார்? நம்பிக்கை இருந்தால் கதவுகள் திறக்கும். மாணவர்க்கும் கடமைகள் உண்டு: பூச்சி கண்டதும் தெரிவிப்பது, மெத்தையை நடைவழியில் வீசாதிருப்பது, தப்பிக்கும் எண்ணத்தோடு நண்பர் அறைக்குப் படுக்கையைத் தூக்கிச் செல்லாதிருப்பது.

கேட்பது அதிகமன்று. ஒரு வாரம் முன்னறிவிப்பு. மருந்தின் பெயரும் நச்சு முத்திரையும் பலகையில். உரிமம் பெற்றவர், அவருக்குப் பாதுகாப்புக் கருவிகள். இரண்டு வார இடைவெளியில் மறு தெளிப்பு. பெயர் வெளியிடாமல் முறையிடும் வசதி. பல பல்கலைக்கழகங்களில் விலங்கியல் துறை இருக்கிறது. சிலவற்றில் பூச்சியியல் வல்லுநர்களே இருக்கிறார்கள். அவர்களது அறிவு பன்னாட்டு ஆய்விதழ் வரை பயணம் செய்கிறது. அதே வளாகத்தின் விடுதிக் கட்டிலுக்கு வந்து சேர்வதில்லை. அடுத்த சுற்றறிக்கையை எழுதுமுன் விடுதிக் காப்பாளர் அத்துறையின் கதவை ஒருமுறை தட்டட்டும். உங்கள் வளாகங்களில் இதைச் சரியாகக் கையாண்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள். எங்கள் விடுதிக் குழுக் கூட்டத்தில் முன்வைக்க உதவும்.