கியோட்டோவுல 17 இடம், அம்மாவுக்கு 2 முழங்கால்

ஜப்பான் விசாவுக்கு ஒரு பேப்பர் கேக்குறாங்க மக்களே. எந்தத் தேதியில எங்க இருப்பீங்க, எங்க தங்குவீங்க, என்ன பண்ணுவீங்கன்னு நாள்வாரியா எழுதித் தரணும். வர்ற மே மாசம் அம்மாவையும் கூட்டிக்கிட்டு எங்க ரெண்டு வீடும் கியோட்டோ போறதா முடிவு. பெங்களூர்ல இருக்குற தம்பி ஒரே ராத்திரியில அந்தப் பேப்பரை ரொப்பி அனுப்பிட்டான். 4 நாள், 17 இடம்.

17 எங்கருந்து வந்துச்சுன்னா, 1994-ல யுனெஸ்கோ பழைய கியோட்டோவோட நினைவுச் சின்னங்கள்னு ஒரு பட்டியல் போட்டுச்சு. அதுல இருக்குறது சரியா 17. கோவிலும் மடமும் 16, கோட்டை 1. தம்பி அதை அப்படியே எக்ஸல்ல இறக்கிட்டான். அதுல ஒண்ணு ஹியெய் மலை மேல இருக்கு, ரெண்டு பக்கத்து ஊரான உஜியில இருக்கு, ஒண்ணுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும். இதெல்லாம் எக்ஸல் கட்டத்துல தெரியாது. அம்மாவுக்கு 71 வயசு, மாடிப்படி ஏறுனா முழங்கால் பிடிச்சுக்கும். அதுவும் தெரியாது.

தம்பியைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இதே வேலையை நான் முன்னாடியே பண்ணிருக்கேன். அப்பா இருந்தப்ப தஞ்சாவூர், கும்பகோணம்னு வேன் பிடிச்சுப் போனோம். ரெண்டு நாள்ல 11 கோவில். நான்தான் லிஸ்ட் போட்டேன். ரெண்டாம் நாள் சாயங்காலம் தாராசுரம் வந்தப்ப, "நீங்க பாத்துட்டு வாங்கப்பா, நான் வேன்லயே இருக்கேன்"னார். நானும் சரின்னு போயிட்டேன். இருட்டுறதுக்குள்ள இன்னும் ஒரு கோவில் பாக்கணுமே! பள்ளிக்கூடத்துல சரித்திரம் எடுத்த மனுஷன், ரெண்டாம் ராஜராஜன் கட்டுன கோவில் வாசல்ல வேன் சீட்டுல உக்காந்திருந்தார். அடுத்த வருஷம் அவர் இல்லை. அந்தப் பயண போட்டோ ஆல்பத்துல 11 கோவிலும் இருக்கு. அப்பா பாதியில இல்லை.

அதனால என் கட்சி இதுதான். குடும்பத்தோட போற பயணத்துக்கு இடத்தை வச்சுத் திட்டம் போடக்கூடாது, ரொம்ப மெதுவா நடக்குறவரை வச்சுத்தான் போடணும். அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பாரோ அதுதான் அன்னைக்கு லிஸ்ட்.

"அவ்வளவு காசு செலவழிச்சுப் போயி பாக்காம வர்றதா?"ன்னு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். இங்கருந்து சென்னை, அங்கருந்து சிங்கப்பூரோ பாங்காக்கோ மாறி ஒசாகா பக்கத்துல இருக்குற கன்சாய் விமான நிலையம், அப்புறம் ஒண்ணேகால் மணி நேரம் ரயில். பல வருஷச் சேமிப்பு. ஆனா காசு கொடுத்தது பாக்குறதுக்கா, பாத்தேன்னு டிக் அடிக்கிறதுக்கா? கியோட்டோ 794-லருந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல தலைநகரா இருந்த ஊரு. நாலு நாள்ல அதை முடிச்சிடலாம்னு நினைக்கிறதே கொஞ்சம் ஓவர் :-)

கூட்டத்தையும் யோசிக்கணும். கார்த்திகை, மார்கழியில சபரிமலை வண்டிக கம்பம், குமுளி ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறப்ப, நம்ம ஊர்லயே நாம பஸ் ஏற முடியாம நின்ன ஆளுக நாம. கியோட்டோக்காரங்க வருஷம் பூரா அப்படி நிக்கிறாங்க. கியோன் தெருவுல கெய்ஷாக்களை விரட்டி விரட்டிப் படம் எடுத்ததுல, 2024-ல தனியார் சந்துகளுக்குள்ள சுற்றுலா ஆளுக வரக்கூடாதுன்னு போர்டே வச்சுட்டாங்க. 17 இடத்துக்கு ஓடுனா நாமளும் அந்தக் கூட்டத்துல ஒரு ஆள்தான்.

சரி, அம்மாவுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டோமா? போன வாரம்தான் நான் கேட்டேன். பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா படத்தைக் காட்டினேன். தங்கக் கோவில் படத்துக்கு "நல்லாருக்குப்பா"ன்னு சொல்லிட்டு முறுக்கை எடுத்துக் கடிச்சுது. நான்சென்ஜி மடத்துக்குள்ள இருக்குற ஒரு செங்கல் பாலத்துப் படம் வந்தப்பதான் கண்ணாடியை எடுத்துப் போட்டுச்சு.

1869-ல ராஜா தோக்கியோவுக்குப் போனதும் கியோட்டோ படுத்துருச்சு. ஊரைத் தூக்கி நிறுத்த, மலைக்கு அந்தப் பக்கம் இருக்குற பிவா ஏரித் தண்ணியைச் சுரங்கம் குடைஞ்சு கொண்டு வந்தாங்க. 1885-ல ஆரம்பிச்சு 1890-ல முடிச்சாங்க. வேலையை நடத்துனது தனாபே சகுரோன்னு அப்பத்தான் படிப்பை முடிச்ச ஒரு சின்னப் பையன். அந்தக் கால்வாய்க் கிளை ஒண்ணு போறதுக்குத்தான் மடத்துக்குள்ள 1888-ல அந்தச் செங்கல் பாலம். இன்னமும் அதுமேல தண்ணி ஓடுது.

அம்மா கேட்டுட்டு, "அப்ப அது நம்ம பென்னிகுக் கதைதானப்பா?"ன்னுச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு மக்களே. அம்மா பிறந்தது கூடலூர் பக்கம். 1895-ல முல்லைப் பெரியாறு அணை முடிஞ்சு, தேக்கடியில மலையைக் குடைஞ்சு விட்ட தண்ணியிலதான் தாத்தா நெல் போட்டார். ரெண்டு ஊர்லயும் மலைக்கு அந்தப் பக்கத் தண்ணி, ரெண்டு ஊர்லயும் சுரங்கம், கிட்டத்தட்ட ஒரே காலம்.

ரெண்டாவதா அம்மா கேட்டது சஞ்சூசங்கென்தோ. சுமார் 120 மீட்டர் நீள மர மண்டபம், உள்ள 1001 கன்னோன் சிலை, காவலுக்கு நிக்கிறவங்கள்ல நம்ம இந்திரன், பிரம்மா, கருடன் எல்லாரும் உண்டு. மலை ஏறவேண்டாம். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போகணும், படம் எடுக்கக்கூடாது. அம்மாவுக்கு இது ரெண்டும் பழக்கமான சட்டம்.

இப்ப வேடிக்கையைக் கேளுங்க. நான்சென்ஜியும் சரி, சஞ்சூசங்கென்தோவும் சரி, அந்த 17-ல கிடையாது! லிஸ்ட் போட்டவங்க மேல தப்பில்லை. அவங்களுக்குக் கூடலூர் வயக்காட்டைத் தெரியாதே.

இப்ப எங்க புதுத் திட்டம்: ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் காலையில. மத்தியானம் அறைக்கு வந்து தூக்கம். சாயங்காலம் மனசு இருந்தா ஆத்தங்கரை நடை. சிவப்பு வளைவா நிக்குற ஃபுஷிமி இனாரி மலை எந்நேரமும் திறந்திருக்கும், டிக்கெட்டும் இல்லை. இளவட்டங்க விடியக்காலையில ஓடிப்போய் ஏறிட்டு, அம்மா காப்பி குடிக்கிறதுக்குள்ள திரும்பிடணும். தம்பிக்கு அதுல சமாதானம்.

தேதியும் அம்மா கணக்குதான். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் ஜப்பான்ல தொடர் லீவு, ஊரே கிளம்பிடும். அடுத்து வீரபாண்டித் திருவிழா. கௌமாரியம்மனை விட்டுட்டு அம்மா ஜப்பான் என்ன, வடுகபட்டிக்குக்கூட வராது. ஆகவே திருவிழா முடிஞ்சு, மே மூணாவது வாரம். அங்க ஜூன்ல மழை பிடிக்கிறதுக்குள்ள திரும்பிடலாம்.

சாப்பாடு? அம்மா கறி மீன் சாப்பிடும், ஆனா செவ்வாயும் வெள்ளியும் சைவம். அங்க வெறும் நூடுல்ஸ் சாறுலகூட மீன் இருக்கும். அதனால அந்த நாள்ல மடத்துச் சைவச் சாப்பாடு, இல்லேன்னா அடுப்படி வச்ச வீடா எடுத்து தங்கமணி கைச்சோறு. பருப்புப்பொடி கொண்டு போறோம். பச்சைக் கறிவேப்பிலையைச் சும்மா எடுத்துட்டுப் போனா விமான நிலையத்துலயே பிடுங்கிடுவாங்க, கவனம்.

பேப்பரை நேத்து திரும்ப எழுதினேன். 17 போய் 4 ஆச்சு. தம்பி போன்ல கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்தத் தண்ணிப் பாலத்துக்கிட்ட உக்கார இடம் இருக்குமாண்ணே?"ன்னு கேட்டான். தாராசுரத்துல அவனும்தான் இருந்தான்.

வயசானவங்களைக் கூட்டிக்கிட்டு கியோட்டோ போய்வந்த பதிவர்கள் யாராவது இருந்தா, எங்கெங்க உக்காரலாம்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க. எங்கெங்க பாக்கலாம்ங்கிறதை எக்ஸல் சொல்லிருச்சு :-)